அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரிகைகள்: என்ன விலை பெறும்?

கேள்வி: என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். போன வருடம் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பத்திரிகைகள் கிடைத்தன. கென்னடி கொலைக்கு வந்த லைஃப் என்ற அமெரிக்க வார இதழ், நிலாவில் மனிதன் இறங்கியதற்கு வந்த லைஃப், நேரு மறைவுக்கு வந்த இல்லஸ்டிரேட்டட் வீக்லி, அண்ணா மறைவுக்கு வந்த குமுதம், இந்திரா காந்தி கொலைக்கு வந்த இந்தியா டுடே, 1983 உலகக் கோப்பைக்கு வந்த ஸ்போர்ட்ஸ்டார். 1948-ஆம் வருடத்து விகடனும் கல்கியும் ஒரு பத்துப் பன்னிரண்டு. ‘திராவிட நாடு’ என்று போட்ட மெல்லிய இதழ்கள் ஏழெட்டு. இவை தவிர, கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்து அப்பா தைத்து வைத்த பைண்டு மூன்று. இணையத்தில் அதே கென்னடி இதழுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று போட்டிருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் தலை சுற்றிவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் மொத்தமாக எட்டாயிரம் தருகிறேன் என்கிறார். தம்பி எடைக்குப் போடு என்கிறான். மாப்பிள்ளை எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார். அட்டைகளில் அப்பா பென்சிலால் ஏதேதோ குறித்திருக்கிறார். 1-2-1948 தேதி போட்ட இதழில் ஓரம் முழுக்க எழுத்து. அதையெல்லாம் அழித்தால் விலை கூடுமா?

பதில்: அம்மா, வணக்கம். அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். எட்டாயிரத்துக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். இத்தனை வருடம் பரணில் இருந்த பெட்டி, இன்னும் ஒரு மாதம் இருந்தால் ஒன்றும் ஆகாது.

லேமினேஷன் என்பது சூடு காட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கித் தாளோடு ஒட்டுவது. பிறகு பிரிக்க நினைத்தால் அச்சு மையும் சேர்ந்து உரிந்து வரும். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, அதில் ஊறியிருக்கிற அமிலம்தான் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கிறது, பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவிட்டால் அந்த அமிலம் போக வழியில்லாமல் உள்ளேயே இருந்து தின்னும். சில வருடம் முன்பு ஒருவர் 1947 ஆகஸ்ட் மாதத்துத் தமிழ் வார இதழ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வண்ண அட்டை, நிறம்கூட மங்கவில்லை. ஆனால் பின்னைப் பிடுங்கி, தாள் தாளாகப் பிரித்து, கிழிந்த இடங்களில் செலோ டேப் ஒட்டி, அதன்மேல் லேமினேட் செய்து, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தார். இரண்டாயிரம் ரூபாய் செலவாயிற்றாம். தாத்தா வைத்திருந்த இதழ் கெட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறையில்தான் செய்திருக்கிறார், அதனால்தான் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சேகரிப்பாளர் எவரும் அதை வாங்க மாட்டார். உங்கள் மாப்பிள்ளைக்கும் அதே அக்கறைதான். அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று கீழே சொல்கிறேன்.

சரி, ஒன்றரை லட்ச ரூபாய் கென்னடி. நீங்கள் பார்த்தது ஒருவர் கேட்கிற விலை. கேட்கிற விலைக்கு எல்லையே இல்லை, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம், அது மூன்று வருடம் விற்காமல் அங்கேயே கிடக்கும். நமக்கு வேண்டியது விற்றுப் போன விலை. ஈபே மாதிரி இணைய விற்பனைத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டு என்று ஒரு வசதி உண்டு, உங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டு அதைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கென்னடி இதழ், நல்ல பிரதியே, பெரும்பாலும் இருபது முப்பது டாலருக்குள் கைமாறுவதைப் பார்ப்பீர்கள்.

ஏன் இவ்வளவு குறைவு? 29-11-1963 தேதியிட்ட அந்த லைஃப் ஒரு சாதாரண இதழ் இல்லைதான். எப்போதும் சிவப்புக் கட்டத்தில் வரும் பெயரைக் கறுப்புக் கட்டத்தில் அச்சடித்தார்கள். ஆபிரகாம் சாப்ரூடர் என்ற ஆடை வியாபாரி கொலை நடந்த கணத்தைத் தன் சின்ன மூவி கேமராவில் பிடித்திருந்தார். அந்தப் படச்சுருளை லைஃப் கடைசியில் 1,50,000 டாலர் கொடுத்து வாங்கியது, அதன் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் முதலில் வெளிவந்தது இந்த இதழில்தான். ஆனால் அந்த நாட்களில் லைஃப் வாரத்துக்கு 70 லட்சம் பிரதி போல அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வாங்கியவர்களில் பலர், இது சரித்திரம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். அறுபது வருடம் கழித்து அந்தப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கென்னடி சுடப்பட்ட 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அந்த வார இதழ் ஏற்கெனவே அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் இருந்தவர் ரோஜர் ஸ்டாபாக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், அப்போது கடற்படைக் கல்லூரி மாணவர். செய்தி வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, அடித்ததை அழித்து, கென்னடி படத்தோடு புதிதாக அச்சடித்தார்கள். அழிவிலிருந்து தப்பிய ஸ்டாபாக் அட்டைப் பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் சண்டை போடுவது அதற்குத்தான். தேதி ஒன்று, பத்திரிகை ஒன்று. சரித்திர நிகழ்ச்சி இருக்கிற பிரதி மலிவு, அது இல்லாத பிரதி பொக்கிஷம். நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதை வைத்து விலை வருவதில்லை அம்மா, எத்தனை பிரதி மிஞ்சியது, அதை யார் தேடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் வருகிறது. உங்கள் பெட்டி முழுவதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நிலா இதழுக்கும் இதே நிலைமைதான், 1969-இல் அதைத் தூக்கிப் போட்டவர்கள் குறைவு. உங்கள் இரண்டு லைஃபிலும் இன்னொன்று பாருங்கள். இந்தியாவுக்கு வந்தவற்றில் பல, லைஃப் இன்டர்நேஷனல் என்று வெளிநாடுகளுக்காகத் தனியாக வந்த பதிப்பு. அது வார இதழ் இல்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது, தேதியும் அட்டையும் உள்ளடக்கமும் மாறும். அட்டையிலோ உள்ளே முதல் பக்கத்துப் பொடி எழுத்திலோ அந்தப் பெயர் இருக்கும். அப்படியானால் அமெரிக்கப் பதிப்பின் விலையை இதற்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது. தேடுகிறவர் குறைவு, ஆனால் பிரதியும் குறைவு. நான் வாங்குவதாக இருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போக மாட்டேன்.

நேரு, அண்ணா, இந்திரா இதழ்களையும் இதே வரிசையில் வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் அண்ணா படம் போட்ட இதழைக் குப்பையில் போட யாருக்கு மனம் வந்திருக்கும்? இந்தியா டுடே நாடு முழுக்கப் போனது, அந்த 1984 இதழை எத்தனையோ வீட்டில் வைத்திருக்கிறார்கள். இவை நூறுகளில் போகும், அட்டை பளிச்சென்று இருந்தால் கொஞ்சம் கூட. ஸ்போர்ட்ஸ்டாரில் மட்டும் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்துப் பையன்கள் நடுப்பக்கப் போஸ்டரை உருவி ஹாஸ்டல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அதனால் போஸ்டர் அப்படியே இருக்கிற இதழ் கண்ணில் படுவது அபூர்வம். இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், கிரிக்கெட் சேகரிப்பாளர்கள் கூட்டம் பெரிசு.

இப்போது 1948-க்கு வருகிறேன். உங்கள் பெட்டியின் கனம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்துத் தமிழ் வார இதழ் முழுசாக மிஞ்சுவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மட்டமான தாள், நம் ஊர் வெயில், புழுக்கம், ராமபாணப் பூச்சி, கரையான். அதையெல்லாம் தாண்டினால் வீட்டு மனிதர்கள். ஒருவர் தொடர்கதையைக் கிழித்துத் தைப்பார், இன்னொருவர் குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பனை வெட்டி அனுப்புவார், சமையல் குறிப்பு அடுப்படிக்குப் போகும், அட்டைப்படத்தில் சாமி இருந்தால் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள், மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பொட்டலமாகும். ஆகவே ஒரு இதழ் அட்டை முதல் அட்டை வரை முழுசாக இருப்பதே பெரிய விஷயம், அதற்குத்தான் பணம்.

நான் ஒரு இதழை எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இதழை அதன்மேல் வைப்பேன். முதலில் அட்டையைத் திறக்க மாட்டேன். முதுகை மேலிருந்து கீழாக விரல் நுனியால் தடவுவேன். பின் குத்திய இரண்டு இடத்திலும் துரு பூத்திருக்கும், அந்தத் துரு தாளைச் சுற்றி வட்டமாக அரித்து அட்டையைக் கழல வைத்திருக்கும், பல இதழ்களில் அட்டை சும்மா மேலே உட்கார்ந்துதான் இருக்கும். அப்புறம் நடுப்பக்கத்தைத் திறந்து, கம்பிப் பின் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்க எண்ணை ஒன்று விடாமல் எண்ணுவேன். இது சலிப்பான வேலை, ஆனால் பக்கம் எண்ணாமல் விலை சொல்கிறவரை நம்பாதீர்கள். பக்கம் எல்லாம் இருக்கிறது என்றால் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். கூப்பன் வெட்டிய சதுர ஓட்டை, ராமபாணம் போட்ட கோடு, டேப் கறை எல்லாம் அப்போது தெரிந்துவிடும். தாள் மூலையை லேசாக வளைத்தால் வளைகிறதா நொறுங்குகிறதா என்பதையும் பார்ப்பேன், நொறுங்கினால் அதோடு நிறுத்திக்கொண்டு மூடிவிடுவேன்.

தேதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காந்தி சுடப்பட்டது 30-1-1948, வெள்ளிக்கிழமை மாலை. வார இதழ்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு வரும், ஆனால் அதற்கு முன்பே அச்சாகி ஊர்களுக்குப் போய்விடும். அதனால் 1-2-1948 தேதி போட்ட இதழில் அந்தச் செய்தி இருக்க வாய்ப்பில்லை, அடுத்தடுத்த வாரத்து இதழ்களில்தான் அஞ்சலியும் படங்களும் வரும். தேதியை மட்டும் பார்த்து, இது காந்தி இதழ் என்று விற்கிறவர்களும் உண்டு, வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு. உங்கள் பன்னிரண்டு இதழில் பிப்ரவரி மாதத்து இதழ்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது விளம்பரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1948 ஏப்ரலில்தான் ஜெமினியின் சந்திரலேகா வெளிவந்தது. படத்தை எடுத்த வாசன்தான் விகடனுக்கும் முதலாளி. அந்த வருடத்து விகடன்களில் சந்திரலேகா விளம்பரம் இருக்கிறதா பாருங்கள். சினிமாப் பொருள் சேர்க்கிறவர்கள் கட்டுரையைப் படிக்கவே மாட்டார்கள், அந்த ஒரு பக்கத்துக்காக இதழையே வாங்குவார்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான், 13-4-1962 தேதியிட்ட லைஃபுக்கு மதிப்பு வந்தது அட்டையில் இருந்த நடிகை எலிசபெத் டெய்லரால் இல்லை, உள்ளே இணைப்பாக வைத்த இரண்டு பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சிறு அட்டைகளால். அவை கிழியாமல் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் அது வெறும் பழைய பத்திரிகை. ஆனால் விளம்பரத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அப்படி வெட்டி வெட்டித்தான் முழு இதழே இல்லாமல் போயிற்று.

மறுபதிப்பைப் பற்றியும் சொல்கிறேன், உங்கள் பெட்டிக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம், ஆனால் இதைக் காட்டி யாராவது விலையைக் குறைக்கப் பார்க்கலாம். சுதந்திர தினம் மாதிரியான நாட்களின் பத்திரிகைகளைப் பிற்காலத்தில் நினைவுப் பதிப்பாக மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். 1948-இல் நம் ஊரில் எழுத்து கோத்து, படத்துக்கு பிளாக் என்கிற அச்சுத் தகடு செய்து, அழுத்தி அச்சடித்தார்கள். தாளின் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினால் எழுத்து லேசாகப் புடைத்திருப்பது தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் படத்தில் மட்டும் புள்ளி இருக்கும், எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மறுபதிப்பில் முழுப் பக்கத்தையும் படம் பிடித்து அச்சடிப்பதால் எழுத்து மழுங்கியிருக்கும், பல சமயம் எழுத்திலும் புள்ளி விழுந்திருக்கும்.

இப்போது அந்த மெல்லிய ஏழெட்டு இதழ். கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். திராவிட நாடு, 1942-இல் அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கிய வார இதழ். விகடன், கல்கி மாதிரி வீடு வீடாகப் போனது இல்லை. படிப்பகத்தில் பத்துக் கை மாறிக் கிழிந்தது, கூட்டத்துக்குப் போனவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தது. ஒருநாள் இதற்கு விலை வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, அதனால் யாரும் பத்திரப்படுத்தவும் இல்லை. உங்கள் அப்பா பத்திரப்படுத்தியிருக்கிறார். உங்கள் பெட்டியில் இதுதான் முதலிடம் என்பது என் கணிப்பு. ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்புங்கள். பார்க்காமல் இதற்கு ஒரு தொகை சொன்னால் அது உங்களுக்கு நான் செய்கிற துரோகம். பழைய சாமான்காரர் சொன்ன எட்டாயிரம் இதை மனதில் வைத்துத்தான் என்று எனக்குப் படுகிறது.

அடுத்தது பொன்னியின் செல்வன் பைண்டு. 29-10-1950 இதழில் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்த தொடர், ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு. இன்று புத்தகமாக எத்தனையோ பதிப்பு கிடைக்கிறது, கதைக்காக யாரும் உங்கள் பைண்டைத் தேடி வர மாட்டார்கள், அந்தப் படங்களை முதலில் அச்சான அளவிலேயே, அந்தத் தாளிலேயே பார்க்க வேண்டும் என்பவர்கள் வருவார்கள். ஐந்து பாகத்தையும் அப்பா மூன்று பைண்டுக்குள் அடக்கினாரா, அல்லது இரண்டு பைண்டு எங்கோ போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். அத்தியாய எண்ணை வரிசையாகச் சரிபாருங்கள். எல்லாம் இருந்தால் பைண்டு மூன்றையும் சேர்த்து ஒரே ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும், பிரித்தால் மதிப்பு போய்விடும். தைத்த நூல் தளர்ந்திருந்தாலும் புது பைண்டிங் போடாதீர்கள். கடையில் ஓரத்தை வெட்டி ஒழுங்காக்குவார்கள், அதோடு மணியத்தின் படத்தில் அரை அங்குலம் போகும். பெட்டியில் 1950-களின் கல்கி இதழ்கள் வேறு இருந்து, அவற்றில் நடுவில் பக்கம் இல்லை என்றால் பதற வேண்டாம், அந்தப் பக்கங்கள் இந்தப் பைண்டுக்குள் இருக்கும்.

யாரிடம் விற்பது? மொத்தமாக வாங்குகிறவர் உங்கள் பெட்டியில் இரண்டு மூன்றுக்காகத்தான் வருகிறார், அதற்கான விலையைக் குறைத்து எல்லாவற்றின்மீதும் பரப்பிச் சொல்கிறார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான், நானும் அதே வியாபாரம்தான் செய்கிறேன். நீங்கள் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அட்டை, முதுகு, நடுப்பக்கம், குறை இருக்கிற இடம் என்று நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். குறையை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேரம் சுத்தமாக நடக்கும். திராவிட நாடும் 1948 இதழ்களும் போவதற்கு முன்னால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்த நூலகம் அது, அவர்களிடம் இல்லாத இதழ் உங்களிடம் இருக்கலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகமும் இருக்கிறது. விற்பதானாலும், விற்கும் முன் ஸ்கேன் எடுக்கக் கொடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தனியார் அலமாரிக்குள் போய்விட்ட இதழை மறுபடி யாரும் படிக்க முடியாது.

வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிதானம். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள ஆவணம் 75 வருடத்தைத் தாண்டிவிட்டால் அது தொல்பொருள் கணக்கில் வரலாம், தனி ஆள் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் 1948 இதழ்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தபாலில் போடாதீர்கள்.

அதுவரை எப்படி வைப்பது? டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், தகரம் வேர்க்கும், துருவும் இறங்கும். ஒவ்வொரு இதழையும் அமிலம் இல்லாத தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து அடுக்குங்கள், நிற்க வைத்தால் முதுகு வளையும். பாச்சை உருண்டையைத் தாளில் படும்படி போடாதீர்கள், வேப்பிலையை நிழலில் நன்றாகக் காயவைத்து ஒரு துணியில் முடிந்து ஓரத்தில் வைத்தால் போதும். தரையில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். மாப்பிள்ளை லேமினேஷனுக்கு ஒதுக்கிய பணத்தில் அந்தத் தாளையும் பெட்டியையும் வாங்கித் தந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. தம்பியிடம், எடைக்கு என்ன வருமோ அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு டிரங்குப் பெட்டிக் காகிதம் நாலைந்து நூறு ரூபாயைத் தாண்டாது.

கடைசியாக அந்தப் பென்சில் எழுத்து. சுத்தமான பிரதிதான் வேண்டும் என்கிற சேகரிப்பாளர் பென்சில் குறிப்புக்கு விலையைக் கொஞ்சம் குறைப்பார், உண்மைதான். ரப்பர் போட்டால் இன்னும் குறையும், ஏனென்றால் பழைய தாளின் மேல்தோல் உரிந்து வெள்ளைத் தடம் விழும், எழுத்தின் பள்ளமும் போகாது.

அதைவிட, நீங்கள் சொன்ன அந்த ஒரு இதழை நினைத்துப் பாருங்கள். 1-2-1948 தேதி, உள்ளே காந்தியைப் பற்றி எதுவும் இருக்கப்போவதில்லை. ஆனால் அது வெள்ளிக்கிழமை மாலை உங்கள் அப்பா கையில் இருந்திருக்கலாம். இருபது வயதுப் பையன், பொன்மலையில், ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வந்து, கையில் வேறு காகிதம் இல்லாமல் அந்த அட்டை ஓரத்தில் எழுதினாரா, அல்லது அது வீட்டு மளிகைக் கணக்கா? எனக்கு இங்கிருந்து தெரியாது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், தாளைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து எனக்கு எழுதுங்கள். மற்ற படங்களோடு அந்த ஓரத்தையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கு நான் விலை சொல்ல மாட்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.